கல்லில் ஏறாத கணக்கு

தமிழ்ப் புலவர் மரபில் வணிகருக்கு இடமுண்டு. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகன் எனப்பட்டார்; கூலம் என்பது தானியம். திருச்சிராப்பள்ளியின் பகுதியான உறையூரும் இளம்பொன் வாணிகனார் என்னும் புலவரைத் தந்தது. ஆயினும், தெருமுனையில் தானியம் விற்ற மளிகைக்கடைகளின் வரலாற்றை நாம் அரிதாகவே எழுதியிருக்கிறோம்.

திருவரங்கம் கோயிலில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கொடையாளர் பலரின் பெயர்கள் அவற்றில் நிலைத்தன. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பெரியகடை வீதி, சின்னக்கடை வீதி எனத் தெருப்பெயர்கள் நிலைத்தன. அன்றாடம் அரிசியும் பருப்பும் அளந்தவர்களின் வரலாறோ பிள்ளையார்சுழியிட்ட கடன் நோட்டுகளில் மட்டுமே தங்கியது.

காந்தி மார்க்கெட்டில் கொள்முதல் செய்த சரக்கு, காவிரிப் பாலம் கடந்து திருவரங்கத்துக் கடைகளுக்கு வரும். தந்தை அளப்பார், மகன் பொட்டலம் கட்டுவான், நண்பகலில் தாய் கல்லாவில் அமர்வார். முதல் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்குவது வணிகர் மரபு.

அரசின் மாற்றங்கள் மக்களிடம் வந்து சேர்ந்ததும் இக்கடைகளின் வழியாகவே. 1957 ஏப்ரல் 1 அன்று, 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அரை வீசைப் புளி கேட்டவருக்கு ஏறத்தாழ 700 கிராம் நிறுத்துக் கொடுத்துப் புதுக்கணக்கைப் பழக்கியவர் மளிகைக்கடைக்காரரே.

1994இல் திருவரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. பின்னர்ப் பல்பொருள் அங்காடிகள் பெருகின. 2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு வணிகம் வேறிடம் மாறியபோது, நடந்து செல்லும் தொலைவில் இருந்த சிறு கடைகளின் அருமையை நாம் மீண்டும் உணர்ந்தோம்.

என் இளமையில் நாங்கள் மாதச் சாமான் வாங்கிய திருவரங்கத்துக் கடை, மூன்று தலைமுறை கண்டு அண்மையில் மூடப்பட்டது. அதன் நோட்டுகளைக் கேட்டுச் சென்றேன். முந்தைய வாரமே அவை பழைய தாளாக எடைக்குப் போய்விட்டன. எஞ்சியிருந்த ஒன்றைக் கடைக்காரரின் மகன் தேடித் தந்தார். அதில் என் தந்தையாரின் பக்கமும் இருந்தது. அவர் வேலையிழந்த ஆண்டு அது. ஆறு மாதங்களுக்கு வரவுப் பகுதி வெறுமையாக இருக்கிறது; அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் மாதந்தவறாமல் பற்றாகியுள்ளன. ஓரத்தில் 'பிறகு' என்று ஒரே சொல். அந்த ஆறு மாதங்களைப் பற்றி வீட்டில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் பசியறியாது பள்ளி சென்றதன் காரணத்தை அந்த நோட்டே எனக்குச் சொல்லிற்று.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பழைய கடை ஒன்று மூடப்படுமாயின், அதன் நோட்டுகள் தராசில் ஏறுமுன் ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். கல்வெட்டுச் சொல்லாத ஊர் வரலாறு அவற்றில் இருக்கிறது.