கார்புரேட்டர் பழுதறிதல் (வாங்கெல் எஞ்சின் வானூர்தி)

சொந்தமாகக் கட்டிய வானூர்தியில் பொருத்திய வாங்கெல் வகைச் சுழல் எஞ்சின் திக்கினாலோ விசை இழந்தாலோ, குறை கார்புரேட்டரில் உள்ளதா, எரிபொருள் வழியில் உள்ளதா, தீப்பொறி அமைப்பில் உள்ளதா என்று பிரித்தறியும் முறை இது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற ஈரமான வெப்பமண்டலப் பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்கே கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிவதும், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவதும் ஒரே நாளில் நிகழக்கூடியவை. தரையிறங்கிச் சற்று நேரத்தில் இரண்டும் தடயமின்றி மறைந்துவிடும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன், எந்த உயரத்தில், த்ராட்டில் எந்த நிலையில் இருந்தபோது கோளாறு வந்தது என்று குறித்துவைப்பதே பழுதறிதலின் முதல் படி.

எஞ்சின்

ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இந்த வகை எஞ்சினின் முதல் மாதிரி 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. மாஸ்டா அதை 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரிலும், 1978 முதல் ஆர்எக்ஸ்-7 வரிசையிலும் பொருத்தியது. இரண்டு ரோட்டர் கொண்ட 1308 கன சென்டிமீட்டர் 13பி எஞ்சினையே வானூர்தி கட்டுவோர் பெரிதும் விரும்புகின்றனர். முதல் உலகப் போர்க்கால விமானங்களில் சிலிண்டர்களே சுழன்ற எஞ்சினும் சுழல் எஞ்சின் என்றே அழைக்கப்பட்டது; அது வேறு வகை.

வாங்கெல் எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் மையவிலகு தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். வானூர்தியில் தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று வரை ஓடும். இடையிலுள்ள பல்லிணைப்பெட்டி அந்த வேகத்தைக் குறைத்து இறக்கையுந்திக்குக் கொடுக்கும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள்தாம் அழுத்தத்தைத் தாங்குபவை. கலவையில் பெட்ரோல் குறைந்து வெடிப்பதிர்வு ஏற்பட்டால் அவை உடையும். பெட்ரோல் மிகுந்து எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டால் அழுத்தம் போய்விடும். கார்புரேட்டரின் சிறு பிழைகூட இந்த எஞ்சினில் பெரிய செலவாவது இதனால்தான்.

வான்வழிப் பயன்பாட்டில் ஷ்லைஷர் ஏஎஸ்எச் 26இ என்ற மோட்டார் சறுக்கு வானூர்தி நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இந்தியாவில் உருவான 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின் 2009இல் நிஷாந்த் என்ற ஆளில்லா வானூர்தியைக் கோலாரில் பறக்கவைத்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பனிக்கட்டி

கார்புரேட்டரின் குறுகிய தொண்டையான வெஞ்சூரியில் காற்றழுத்தம் குறையும். அங்கே பெட்ரோலும் ஆவியாகும். இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை 30 பாகை செல்சியசுக்கு மேலும் இறக்கக்கூடும். வெளியே 38 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தாலும் பனி படிய முடியும் என்று விமானப் பயிற்சி நூல்கள் எச்சரிக்கின்றன.

சுபாங் விமான நிலைய வானிலை அறிக்கையில் பிற்பகல் வேளையில் 32/24 என்ற வரி சாதாரணமாகக் காணப்படும். முதல் எண் வெப்பநிலை, அடுத்தது பனிநிலை. இது ஏறத்தாழ 63 விழுக்காடு ஈரப்பதம். 900 மீட்டர் உயரம் சென்றால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை குறைந்து, காற்று ஈரத்தால் நிறைவை நெருங்கும். அங்கிருந்து த்ராட்டிலை மூடி இறங்கும் கட்டமே மிகவும் ஆபத்தானது. பனி குளிர்நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது இங்கே உயிருக்கு உலை வைக்கும் தவறு.

சுழல் எஞ்சினில் இன்னொரு காரணமும் சேர்கிறது. லைகோமிங் போன்ற விமான எஞ்சின்கள் பலவற்றில் கார்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியின் அடியில் பூட்டப்பட்டிருப்பதால் ஓரளவு வெதுவெதுப்பு கிடைக்கும். 13பி எஞ்சினிலோ நீண்ட அலுமினிய மானிஃபோல்டின் நுனியில் கார்புரேட்டர் தனியே நிற்கும். சுடுகாற்றுக் குழாய் இல்லாமல் இதைப் பறக்கவிடக் கூடாது.

அடையாளம் எளியது. இதழ்க் கோணம் மாற்ற முடியாத இறக்கையுந்தி என்றால் சுற்று மெல்லக் குறையும். வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் இறக்கையுந்தி என்றால் மானிஃபோல்ட் அழுத்தம் குறையும். சுடுகாற்றைத் திறந்ததும் எஞ்சின் முதலில் மேலும் தடுமாறும். உருகிய நீர் உள்ளே போவதே காரணம். பிறகு சுற்று மீளும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு அஞ்சிச் சுடுகாற்றை மூடிவிடக் கூடாது.

கொதிப்பும் வழிதலும்

காருக்கான பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும். எனவே அதே எரிபொருள் தொண்டையில் பனியையும், வெயிலில் நிறுத்திய வானூர்தியின் எஞ்சின் மூடிக்குள் செல்லும் குழாயில் ஆவியடைப்பையும் உண்டாக்கும். இந்த எஞ்சினின் புகைபோக்கி மிகச் சூடானது. அதற்கும் எரிபொருள் குழாய்க்கும் இடையே வெப்பத் தடுப்பு கட்டாயம் வேண்டும்.

அடைக்கும் ஊசியின் இருக்கையில் தூசி சிக்கினால் ஃப்ளோட் அறை வழியும். வெபர் வகைக் கார்புரேட்டருக்குச் சுமார் 0.2 பார் அழுத்தம் போதும். பம்பின் அழுத்தம் அதைத் தாண்டினாலும் ஊசி தோற்றுவிடும். எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிட்டால் பம்பை நிறுத்தி, த்ராட்டிலை முழுதும் திறந்து, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பிறகு பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டால் சீல்கள் மீண்டும் அழுத்தம் பிடிக்கும்.

பழுதறியும் வரிசை

1. எரிபொருள் ஓட்டம். வானூர்தியின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பம்பை இயக்கிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பம்பு அமைப்பு, மேலெழும்போது தேவைப்படும் அளவில் 125 விழுக்காடு தர வேண்டும். முழு விசையில் மணிக்கு 50 லிட்டர் செலவிடும் எஞ்சினுக்கு நிமிடத்தில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். குறைந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். வடிகட்டியையும் தொட்டியின் காற்றோட்டத் துளையையும் பார்க்க வேண்டும்.

2. தீப்பொறி. ஒவ்வொரு ரோட்டருக்கும் முன்னணி, பின்னணி என இரண்டு பிளக்குகள் உண்டு. ஒவ்வோர் அணியாக நிறுத்திச் சுற்று எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். முன்னணி பிளக் சோர்ந்தால் எஞ்சின் திக்குவது பெட்ரோல் பஞ்சம் போலவே தோன்றும்.

3. இரு ரோட்டர்களின் புகை வெப்பநிலை. ஒரு ரோட்டருக்கு ஒரு குழல் என்று இரட்டைக் குழல் கார்புரேட்டர் பொருத்தியிருந்தால், இரண்டு மானிகளின் வேறுபாடு குறையுள்ள பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று மட்டும் விலகினால் அந்தப் பக்கத்து ஜெட் அடைப்போ மானிஃபோல்ட் கசிவோ இருக்கலாம். இரண்டும் ஒன்றாக மாறினால் பனி, எரிபொருள் அழுத்தம், காற்று வழி ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும்.

4. ஃப்ளோட் அறையின் காற்றுத்துளை. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தமும் இந்தத் துளை உணரும் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். துளை எஞ்சின் மூடிக்குள் திறந்திருக்க, காற்று முன்புறத் திறப்பிலிருந்து வந்தால், வேகம் கூடக் கூடக் கலவையில் பெட்ரோல் குறையும். தரையில் அருமையாக ஓடிய எஞ்சின் பறக்கும்போது மட்டும் திக்குவதற்கு இது முக்கியமான காரணம். கார்ப் பட்டறையில் கைதேர்ந்த போமனுக்கும் (மெக்கானிக்குக்கும்) இது புதிது. காரில் காற்று வடிகட்டிப் பெட்டியே இரு அழுத்தங்களையும் சமன் செய்துவிடுகிறது.

5. ஜெட்டும் ஃப்ளோட் உயரமும். முதல் நான்கும் சரி என்று உறுதியான பின்னரே கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். ஒரு முறை ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பாதுகாப்பு

மலேசியாவில் வானூர்திகளின் பறக்கும் தகுதியை மேற்பார்வையிடுவது 2018இல் அமைந்த மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். எரிபொருள் அமைப்பில் செய்யும் மாற்றம் எதையும் பதிவேட்டில் எழுதிவைப்பது வானூர்தி கட்டுபவரின் கடமை. சுபாங் ஓடுபாதையைச் சுற்றிலும் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. மேலெழுந்த சில நொடிகளில் எஞ்சின் நின்றால் இறங்கத் திடல் கிடைப்பது அரிது. ஆபத்து விமானிக்கு மட்டுமல்ல, கீழே குடியிருப்பவர்களுக்கும்தான். எனவே காரணம் உறுதியாகாத திக்கலோடு மீண்டும் பறந்து பார்ப்பது சோதனை ஆகாது. வானூர்தியைத் தரையில் கட்டி, முழு விசையிலும் குறைந்த விசையிலும் நெடுநேரம் ஓட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்த பின்னரே அது ஓடுபாதைக்குத் திரும்ப வேண்டும்.