வாவிக்கரையும் மொறிஸ் மைனரும்

மட்டக்களப்பு நாட்டை இரண்டாகப் பகுத்து வைத்தது வாவி. ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்புறம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளங்கொண்ட அந்நீர்ப்பரப்பின் இரு மருங்கும் வாழ்ந்தோர்க்கு முதல் ஊர்தி தோணி. அடுத்தது மாட்டு வண்டில். 1924 ஆம் ஆண்டில் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. தேசாதிபதி மனிங் துரையின் துணைவியார் பெயரால் அதனை லேடி மனிங் பாலம் என்றனர். 1928 இல் புகையிரதம் வந்து சேர்ந்தது. பாலமும் தெருவும் சீர்பெறச் சீர்பெற மோட்டார்க் கார்களும் பெருகலாயின. ஒஸ்ரின், ஹில்மன், ஸ்ரான்டட், போட் எனப் பல பெயர்களில் அவை வந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் மாத்திரம் இன்றும் முதியோர் வாயிலும் இளைஞர் வாயிலும் ஒரே கனிவோடு வழங்குகின்றது. அதுவே மொறிஸ் மைனர்.

மனிதர் ஒரு வண்டியின்மீது அன்பு வைப்பது ஏன்? அழகினால் என்பது எளிய விடை. மொறிஸ் மைனரைப் பொறுத்தவரை அவ்விடை முழுதும் பொருந்தாது. அதனைச் செய்து விற்ற கொம்பனியின் அதிபதி நஃபீல்டுப் பிரபுவே முதன்முதற் கண்டபோது முகஞ்சுளித்தார். வெந்நீரிலே உடைத்தூற்றி அவித்த முட்டைபோல் இருக்கிறதென்று எள்ளினார். அதன் வடிவத்தை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906 ஆம் ஆண்டு ஸ்மேர்ணா நகரிலே கிரேக்கக் குடும்பத்திற் பிறந்து, இளமையில் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் இவ்வேலையிலே ஈடுபட்டார். நுளம்பு எனப் பொருள்படும் மொஸ்கிற்றோ என்பதே அன்று அதற்கு வழங்கிய பெயர்.

வேலை முடியுந் தறுவாயில் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. கார் சற்று ஒடுங்கியதாய்த் தோன்றிற்று. மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியிற் கண் நிறைவு பெற்றது. அதற்குள் முன்பின் தாங்கிகள் செய்து அடுக்கப்பட்டுவிட்டன. அவற்றை நடுவே வெட்டி 4 அங்குலத் தகட்டை இடையிட்டுப் பொருத்தினர். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான மேட்டு வரையும் அந்த 4 அங்குலத்தின் அடையாளமே. வாகனப் பிரியர் இதனைச் சுட்டிக்காட்டாமற் கதையை முடிப்பதில்லை. கணக்குப் பார்த்து அமைத்ததன்றிக் கண் பார்த்துத் திருத்தியது என்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

1948 ஒக்ரோபரில் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது. முதலில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். 1952 இலிருந்து 803. 1956 இல் 948. 1962 இல் 1098. 1956 வரை முன்கண்ணாடி நடுவே பிளவுபட்டிருக்கும். பின்னர் ஒரே கண்ணாடியாயிற்று. 1960 முடிவில் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது. பிரித்தானியக் கார் எதுவும் அதற்குமுன் அத்தொகையைக் கண்டதில்லை. 1970 களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல்.

இலங்கையில் அது பெரும் செல்வரின் கார் அன்று. மாதச் சம்பளத்தையும் வட்டியையும் எண்ணிப் பார்த்து வாங்குவோரின் கார். அரசாங்க உத்தியோகத்தர், வைத்தியர், பாடசாலைத் தலைமையாசிரியர் ஆகியோர் அதனை விரும்பினர். மட்டக்களப்பில் இவர்களோடு வயற்சொந்தக்காரரான போடியாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலோ வாடகைக் கார்களாகவும் அவை ஓடின. வாவிக்கரைத் தெருக்களுக்கு அது ஏற்றதாயிருந்தமைக்குக் காரணம் உண்டு. கடற்கரையை அண்டிய ஊர்களில் ஒழுங்கை என்பது மணல். படுவான்கரையில் மாரி வந்தால் சேறு. பாரம் குறைந்த கார். முன் சில்லுகள் இரண்டும் தனித்தனியே அசைந்து கொடுக்கும். திருப்பினாற் சொன்ன சொற் கேட்கும் ஸ்ரியறிங். பாதை என்று இப்பகுதியார் வழங்கும் மிதவையில் ஏற்றி மண்முனையிலோ குருமண்வெளியிலோ வாவியைக் கடத்துவதற்கும் சிறிய கார் வசதியானது. கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே வழி. எதிர்க்கரையிலிருந்து வருவன வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டத்தைத் தளர்த்தும்போது மொறிஸ் மைனரின் புகைக்குழாய் குபுகுபுவென ஓர் ஓசை எழுப்பும். வேறு காருக்கு அவ்வோசை இல்லை. பாடும் மீனின் இசையைக் கேட்கவென்று நிலாக் காலத்தில் அப்பாலத்துக்கு வருவோர் உலகெங்கும் உண்டு. கார் வைத்திருந்தோர் சிலருக்கு இந்தக் குபுகுபு ஓசையும் அதற்குக் குறைந்ததன்று.

இவ்வளவும் விருப்பத்துக்குக் காரணங்களே. காதலுக்குக் காரணம் வேறு. அது வறுமையிற் பிறந்தது. 1960 களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. மோட்டார்க் கார் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு வந்தது. உதிரிப் பாகங்களும் அரிதாயின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. பிற நாடுகளிலே கார் பழுதுபட்டால் மாற்றினர். இங்கே மாற்றுவதற்கு வேறு கார் இல்லை. இருப்பதைக் காப்பாற்றியே ஆகவேண்டும். தந்தையார் புதிதாக வாங்கிய காரில் மகன் ஓட்டப் பழகினான். அவன் மணக்கோலத்தில் அமர்ந்ததும் அதே காரில். அவன் பிள்ளை பாடசாலைக்குச் சென்றதும் அதே காரில். மூன்று தலைமுறை ஒரு வீட்டில் இருந்தது எதுவோ அது உறவாகிவிடுகிறது.

காப்பாற்றக் கூடியதாய் அது அமைந்திருந்தது என்பதும் முக்கியம். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே கை புக இடம் உண்டு. எது எங்கே எதற்காக இருக்கிறதென்று அரைநாளிற் கற்றுக்கொள்ளலாம். பற்றரி ஓய்ந்தால் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எழுப்பலாம். கராஜ்களில் தேய்ந்த உறுப்பைக் கடைசற் பட்டறையிற் புதிதாகக் கடைந்தனர். பழைய ரயரின் இறப்பரை வெட்டி அதிர்வுதாங்கியாக்கினர். தடித்த அட்டையை அளவாக நறுக்கி எண்ணெய் கசியாமற் பொருத்தினர். புத்தகத்திற் படித்த வித்தையன்று இது, இன்மை கற்பித்தது. முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு ஒன்று மாத்திரம் இக்காரின் பெரிய பலவீனம். ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் அது தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு உள்ளே மடிந்து, கார் தெருவிலே முழந்தாளிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் கீழே படுப்பது உரிமையாளர்க்கு ஒரு கடமையாயிற்று. மனைவியர் இதனைக் குறித்துச் சொல்லியிருக்கக் கூடியவை வரலாற்றில் ஏறவில்லை.

இலக்கத் தகட்டின் கதையையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த கார்களின் தகடுகளில் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துக்கள் இருந்தன: சீ.எல்., சீ.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றவாறு. 1957 ஆம் ஆண்டு முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து அவ்விடத்தைப் பெற்றது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டு அது. தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பு மூண்டது. 1958 இல் தாரும் தூரிகையும் கொண்டு அவ்வெழுத்தை அழித்தனர். தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் அழிக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் நாடு இரத்தம் கண்டது. இன்று பழைய ஆங்கில எழுத்துத் தகடுள்ள மொறிஸ் மைனருக்கு ஆர்வலர் கூடுதல் விலை கொடுப்பது அதன் வயதுக்காகவே. ஆயினும் ஒரு காரின் முகத்தைப் பார்த்து அது எந்த ஆண்டின் எப்பக்கத்தில் நின்றதென்று சொல்லக்கூடியதாயிருப்பது சிறிய செய்தியன்று.

பின்னர் வந்த யுத்த காலத்திலே இப்பழைய கார்கள் எவரும் எதிர்பாராத ஒரு பணியைச் செய்தன. 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலியன மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். பழைய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் மிகையாக அழுத்துவதில்லை. அதனால் இத்தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புதிய யப்பானியக் கார்கள் கொட்டிலில் உறங்க, அரை நூற்றாண்டு கண்டவை கரும்புகை கக்கிக்கொண்டு நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன. மட்டக்களப்பிலே நிலைமை வேறு. நகரம் ஒருவர் கையிலும் படுவான்கரையின் பெரும்பகுதி மற்றவர் கையிலுமாக நெடுங்காலம் கிடந்தது, வாவியே எல்லையாயிற்று. பழைய எல்லைக்குப் புதிய பொருள் வந்தது. கார் வைத்திருந்தோர் பலர் ஊரைவிட்டு நீங்கினர். கொட்டிலில் விடப்பட்ட கார்கள் புற்றும் செடியும் மூடின.

இயற்கையும் தன் பங்குக்கு வந்தது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை முறித்துக் கூரைகளின் மீது கிடத்தியது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலாய கரைகளைக் கழுவிச் சென்றது. மாண்ட மனிதரை எண்ணும்போது காரைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. உப்பு நீரைக் குறித்து ஒன்று மாத்திரம் சொல்லலாம். மொறிஸ் மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவின் கீழோடும் பெட்டித் தகட்டில் கறள் பிடித்தால் எலும்பே உளுத்தது போலாகும். வெளியே மினுங்கும், உள்ளே ஒன்றுமிராது. கடற்காற்று ஓயாத எழுவான்கரையில் இக்காருக்குப் பகைவன் முதுமையன்று, கறளே.

இக்கறளுக்கு மருந்து இலங்கையிலிருந்தே சென்றது என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் பாத் நகரிலே சார்ள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனர்களைப் புதுக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். நன்றாகப் பேணினால் ஒரு காரை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம். புதிது புதிதாக வாங்குவது வீண் என்பது அவர் கொள்கை. அதற்கு உடற்தகடுகள் வேண்டும். 1990 களில் இலங்கையின் தெற்கே ஒரு தொழிலகம் அவற்றைச் செய்து அவருக்கு அனுப்பத் தொடங்கியது. ஒரு காலத்தில் இறக்குமதிக்கு வழியின்றித் தவித்த நாடு, அக்காரைப் பெற்ற நாட்டுக்கே அதன் உறுப்புக்களை ஏற்றுமதி செய்தது.

ஆர்வலரிடையே இன்று ஒரு வழக்கு நடக்கின்றது. பழைய எஞ்சினைக் கழற்றி யப்பானிய எஞ்சினைப் பொருத்தலாமா என்பதே அது. பிறந்தபடியே இருப்பதுதான் மொறிஸ் மைனர் என்பர் ஒரு சாரார். திருகாணி மாறினாலும் அவர்க்குப் பொறுக்காது. மறு சாரார், நாளாந்தம் ஓடாத கார் கார் அன்று என்பர். முன்னவர் பெரும்பாலும் பணம் உள்ளவர். பின்னவரிற் பலர் அதனையே நம்பி வாழ்ந்தவர். எஞ்சின் மாற்றியோர் பிழை செய்தனர் என்று கொள்வதற்கில்லை. அவர்கள் மாற்றியிராவிட்டால் இன்று தூய்மை பேசுவோர் வாங்குவதற்கு உடலும் மிஞ்சியிராது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டன. தனியார் கார்களுக்கு 2025 இன் தொடக்கத்தில் வழி திறக்கும்வரை, முன்பிருந்தது போன்ற ஒரு காலம் சிறிது திரும்பிற்று. பழைய காருக்கும் விலை ஏறியது. கொட்டிலிற் கிடந்ததைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தனர். விற்றவர்களைக் குறை கூறலாகாது. காசு தேவைப்பட்ட காலம். ஆயினும் கார் போகும்போது, அதனைக் கையால் அறிந்த முதிய மெக்கானிக்குக்கு வேலையும் போகின்றது. அவரிடம் பழகுவதற்கு ஒரு பையன் வருவதற்கு நியாயமும் இல்லாது போகின்றது.

2013 இல் கல்லடியில் பழைய பாலத்துக்கு அருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மண்முனையிலும் பாலம் வந்து, பாதை நின்றது. எதிரே வருவன முடியட்டும் என்று இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. 1961 க்கு முற்பட்ட மொறிஸ் மைனருக்குத் திரும்பும் திசையைக் காட்ட விளக்கு இல்லை. கதவுத் தூணிலிருந்து சிறிய கைகாட்டி ஒன்று எழுந்து நிற்கும். பின்னால் வரும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அது என்னவென்று தெரியாது. ஆகவே உரிமையாளர் கைகாட்டியையும் எழுப்பித் தம் கையையும் வெளியே நீட்டுகின்றார்.