வெடித்த நட்சத்திரமும் ஒற்றை நிற வெளிச்சமும்

வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில் வானம் நல்ல இருட்டு. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் முற்றத்தைத் தாண்டாது. ஆனால் ஆக்கள் அண்ணாந்து பார்த்தது கிபிர் வருதா, வண்டு சுத்துதா எண்டுதான். நட்சத்திரம் பார்க்க ஆருக்கு மனம் வரும்? இப்ப பயமில்லாமல் பார்க்கலாம் எண்டால், வீதி விளக்குகள் வந்து வானம் வெளுக்கத் தொடங்கீட்டுது.

வெளுத்த வானத்திலும் படமெடுக்க ஒரு வழி இருக்கு. வெள்ளை எல்ஈடி விளக்கு எல்லா நிறங்களிலும் வெளிச்சத்தைக் கொட்டும். வெடித்த நட்சத்திரம் விட்டுப்போன வாயுவோ ஒருசில நிறங்களில்தான் பெரும்பாலும் ஒளிரும்: ஐதரசனின் சிவப்பு 656.3 நனோமீற்றரில், ஒட்சிசனின் நீலப்பச்சை 500.7 இல், கந்தகத்தின் கடுஞ்சிவப்பு 672 க்குக் கிட்ட. அந்த ஒரு நிறத்தைச் சுற்றி 3 தொடக்கம் 7 நனோமீற்றரை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கமராவுக்கு முன்னால் போட்டால், தெருவிளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியில நிண்டுவிடும். வாயுவின் வெளிச்சம் அப்படியே வரும். பிறகு மணித்தியாலக் கணக்கில் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றுசேர்ப்பார்கள்.

இது வெளிநாட்டு வசதிக்காரர் வீட்டுப் பின்வளவில் கண்டுபிடித்த புதினம் எண்டு கனபேர் நினைக்கினம். யோசனை பழசு, எங்களுக்குக் கிட்டவும் நடந்தது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் கல்சியத்தின் ஒற்றை நிறத்திலும், 1912 முதல் ஐதரசனின் சிவப்பிலும் சூரியனைப் படமெடுத்தார்கள். அவர்களிடம் இந்த வடிகட்டி இல்லை. ஒளியைப் பட்டகமாகப் பிரித்து, ஒரு மெல்லிய பிளவால் வேண்டிய நிறத்தை மட்டும் எடுத்து, சூரியனைக் கீற்றுக் கீற்றாகக் கண்ணாடித் தட்டில் பதித்தார்கள். நூறு வருசத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை விஞ்ஞானிகள் இண்டைக்கும் எடுத்துப் பார்க்கினம். சந்திரசேகரின் பெயரை எல்லாருக்கும் தெரியும். தட்டைக் கழுவிக் காயவைத்த ஆக்களின் பெயர் ஆருக்குத் தெரியும்?

அக்கராயனுக்கு வருவம். வேலா எண்டொரு எச்சம் தெற்கு வானத்தில் கிடக்கு. ஏறக்குறைய 11,000 வருசத்துக்கு முதல் வெடித்த நட்சத்திரம் அது. அதன் நடுவில் மிஞ்சிய கரு இப்பவும் செக்கனுக்கு 11 தரம் சுழலுது. 1968 இல் கண்டுபிடித்தார்கள். லண்டனில் இருக்கிற எங்கட சனத்துக்கு அது அடிவானத்துக்கு மேல வராது. இஞ்ச பங்குனி மாத இரவில் 35 பாகை உயரத்துக்கு வரும். அகலம் 8 பாகை, பதினாறு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு. அதால பெரிய தொலைநோக்கி தேவையில்லை. 135 மில்லிமீற்றர் வில்லை போதும். பூமி சுழல, கமராவையும் கூடவே திருப்பும் தாங்கி ஒன்று வேணும். அதை வடக்கே துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் நேர்ப்படுத்துவது வழக்கம். இஞ்ச அது 9 பாகை உயரத்தில்தான் நிற்கும்; ஒரு பனை வடலியே மறைச்சுப்போடும். வடக்குப் பக்கம் வெளியாக இருக்கிற வயலாகப் பார்த்து இறங்கவேணும்.