குற்றவியல் நீதி ஆய்வில் கோட்பாடு: சிவகாசிப் பட்டாசுப் பகுதியை முன்வைத்து

ஒரு குற்றம் ஏன் நடந்தது, சட்டம் அதை ஏன் இப்படிக் கையாண்டது என்ற கேள்விகளுக்கு ஆதாரங்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கமே குற்றவியல் நீதித் துறையில் கோட்பாடு எனப்படுகிறது. நடந்தவற்றோடு பொருந்தாவிட்டால் அதைக் கைவிட வேண்டும். சொந்த அபிப்பிராயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விசாரணையின் பார்வை யார்மீது விழ வேண்டும் என்பதையும் பெரும்பாலும் கோட்பாடுதான் தீர்மானிக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நடக்கும் வெடிவிபத்துகள் இதற்குத் தெளிவான சான்று.

இது மழை பொய்க்கும் கரிசல் பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். 1940களில் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. இன்று இந்தியா வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில் வரும் வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது, உரிமையாளர், மேலாளர், போர்மேன் ஆகியோர் மீது வழக்கு. நெடுங்காலம் இத்தகைய சாவுகளுக்குப் பயன்படுத்தப்பட்ட சட்டப்பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்கு அது விதித்த அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. வெடிபொருள் சட்டம் 1884இன் 9பி பிரிவு விதிமீறி உற்பத்தி செய்வோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. இந்த அணுகுமுறையில் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. குற்றம் என்பது ஒரு தனிமனிதரின் கவனப் பிசகு, அந்த மனிதரைக் கண்டுபிடித்தால் வழக்கு முடிந்தது என்பதே அது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் அது சோதனைக்கும் உள்ளாவதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939இல் இந்தப் பார்வையை உடைத்தார். மதிப்புமிக்கவர்கள் தங்கள் தொழிலை நடத்தும் போக்கிலேயே செய்யும் சட்டமீறல்களும் குற்றங்களே. அவை காவல் நிலையத்துக்குப் போகாமல் அலுவலகக் கோப்புகளில் முடிவதால்தான் குற்றமாகத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். பிரிட்டனில் டபிள்யூ. ஜி. கார்சன் 1970இல் தொழிற்சாலை ஆய்வாளர்களின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, மீறல்களில் மிகச் சிலவே நீதிமன்றம் போயிருந்தன. மற்றவை எச்சரிக்கைக் கடிதங்களோடு முடிந்திருந்தன. சிவகாசியில் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படுவதையும் மறுபடி வழங்கப்படுவதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், நிர்வாக நடவடிக்கை எந்த இடத்தில் குற்ற வழக்காக மாறியிருக்க வேண்டும் என்ற கேள்வி எழும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். முதலில் பிடித்த தீயைப் பார்க்கவும் உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் இறந்தவர்களில் பலர். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்டிருந்த ஆலை அது. ஆனால் வேலை நிற்கவில்லை.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது வெளிவந்தது வேறொரு உண்மை. உரிமம் ஒருவர் பெயரில். ஆலையோ குத்தகைக்கு, அதற்குள் அறை அறையாக உள்குத்தகைக்கு. லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாடு, குற்றம் நடக்க மூன்று வேண்டும் என்கிறது: செய்யத் துணிந்தவர், எளிதில் இலக்காகக்கூடியவர், தடுக்கவல்ல காவலர் இல்லாத நிலை. உள்குத்தகை இந்த மூன்றாவதைத் தானே உண்டாக்குகிறது. உரிமக்காரர் தளத்தில் இல்லை. குத்தகைக்காரருக்குச் சட்டப்படி அங்கே இடமே இல்லை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இருந்தும், அதைக் காக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. போர்மேனைக் கைது செய்வதால் இந்த ஏற்பாடு மாறாது.

மருந்து அறையின் உள்ளேயும் பார்க்க வேண்டும். அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றைக் கையால் கலக்கிறார்கள். அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகவே சூடேறும். பீஸ் ரேட்டில் வேலை நடக்கும் இடத்தில், தீபாவளி ஆர்டர் நெருக்கும் நாளில், மிஞ்சியதை மறுநாளைக்கு எடுத்து வைக்கத் தோன்றும். ஒருமுறை வைத்து ஒன்றும் ஆகாவிட்டால் அது பழக்கமாகிவிடும். சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஆராய்ந்த டயான் வான் 1996இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் பிறழ்வு இயல்பாகும் போக்கு என்று விளக்கினார்.

கிரெஷாம் சைக்ஸும் டேவிட் மாட்ஸாவும் 1957இல் எழுதிய கட்டுரை, தவறு செய்பவர்கள் தங்கள் மனசாட்சியைச் சமாதானப்படுத்தும் வழிகளை வகைப்படுத்தியது. பொறுப்பை மறுப்பது ஒரு வழி. தொழிலாளியின் அஜாக்கிரதை என்று சொல்வது அந்த வகை. தம்மைவிட மேலான ஒன்றுக்கு விசுவாசம் காட்டுவதாகச் சொல்வது இன்னொன்று. இந்தத் தொழில் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்பது அந்த வகை. இந்த இரண்டாவது பேச்சில் உண்மையும் இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவரும் மறுநாள் இதே தொழிலுக்குத்தான் போயாக வேண்டும்.

விளக்கம் மாறினால் சட்டமும் மாறும் என்பதற்குக் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை சான்று. வறுமை இருக்கும்வரை குழந்தைகள் வேலைக்குப் போகத்தான் செய்வார்கள் என்பது பழைய விளக்கம். அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் அதை மறுத்தார். யார் வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டும், யார் வீட்டுப் பிள்ளை உழைக்க வேண்டும் என்று அதிகாரிகளும் நடுத்தர வர்க்கமும் வைத்திருந்த நம்பிக்கையே காரணம் என்றார். வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வறுமையின் விளைவு என்று பேசப்பட்ட ஒன்றுக்கு முதலாளி கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று கேள்வி கேட்பது பாதிக்கப்பட்டோரியல். 1992இல் தொடங்கிய இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கத்துக்கு முன்னின்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. சொக்கலிங்கம். அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என உத்தரவிட்டது. யாருடைய தவறு என்று நிரூபிக்கும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை என்பதே இதன் அடிப்படை. ஆனால் இழப்பீடு மட்டும் குற்றத்தைத் தடுத்துவிடாது. ராமுத்தேவன்பட்டி, செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என 2024, 2025இலும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அஜாக்கிரதையால் விளையும் மரணத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 5 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். அவர் சொன்னது சரியா என்று சோதிக்க விருதுநகர் மாவட்ட நீதிமன்றங்களைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. சாத்தூர் அங்கிருந்து பக்கம்தான். ஒவ்வொரு வெடிவிபத்தின் முதல் தகவல் அறிக்கையையும் எடுத்து, அந்த வழக்கு தீர்ப்பு வரை போனதா, போனால் யார் தண்டிக்கப்பட்டார் என்று தொடர்ந்து பதிவு செய்யும் வேலையை அங்குள்ள மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும்.