கட்டைவிரலும் திருகாணியும்

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்தவர்கள் அதன் உயரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த மரத்தை இழைத்தவரின் கஷ்டம் வேறு. பெரிய மரம் தன் கனத்தினாலேயே கிடந்த இடத்தில் கிடக்கும்; உளி விழுந்தாலும் அசையாது. சின்னத் துண்டுதான் போக்கிரி. ஒரு சாண் பொம்மையோ, வாகனத்துக்கு ஒரு சிறு பூவோ செதுக்க வேண்டுமானால், முதல் கேள்வியே, "இதை யார் பிடித்துக் கொள்வது?" என்பதுதான்.

நம் தச்சர்கள் இதற்குக் கண்ட விடை, கால். தரையில் உட்கார்ந்து, மரத்தைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுவார்கள். சென்ற நூற்றாண்டுகளில் இங்கே வந்த வெள்ளைக்காரர்களில் சிலர் இதைக் கண்டு அதிசயப்பட்டார்கள். சிலர், நின்று வேலை செய்யத் தெரியாத சோம்பேறிகள் என்று எழுதினார்கள். இரும்பு வேலைக்காரருக்கு மட்டும் பற்றுக்குறடு உண்டு. அதற்குப் பிடிச்சிராவி என்றும் ஒரு பெயர். பிடித்துக்கொண்டு ராவுவது என்று பெயரிலேயே தொழில் இருக்கிறது, பாருங்கள்!

மேல்நாட்டுத் தச்சர் நின்றுகொண்டு வேலை செய்தார். நிற்கிறவருக்குக் கால் உதவாது. ஆகவே மேஜைக்குக் கை முளைத்தது. 1505-ல் நியூரம்பெர்க் நகரத்து மார்ட்டின் லோஃபெல்ஹோல்ஸ் தொகுத்த படச்சுவடியிலேயே திருகு பொருத்திய தச்சு மேஜை வந்துவிட்டது. 1678-ல் லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர், கைத்தொழில்களைப் பற்றித் தவணை தவணையாக ஒரு புத்தகம் வெளியிடத் தொடங்கினார். அதில் இரட்டைத் திருகு ஒன்றைக் காட்டுகிறார்: இரண்டு மரத் தாடைகள், இரண்டு திருகாணிகள், அவ்வளவுதான். மேஜையின் பக்கவாட்டில் பொருத்தலாம். அல்லது மேஜைமேல் வைத்து இறுக்கிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

திருச்சிக்கு இந்த 'வைஸ்' கூட்டமாக வந்தது ரெயிலோடு. தென்னிந்திய ரெயில்வே கம்பெனி, நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்க்க முனைந்தது. அந்தக் காலத்து வண்டிப்பெட்டிகளில் மரவேலை ஏராளம். பட்டறை ஒன்றானால் ஆள் குறையவேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க, தொழில் பரீட்சை வைப்பதாக 1928-ல் அறிவித்தார்கள். வருஷக்கணக்காக வேலை செய்தவருக்குப் பரீட்சையா? ஆட்குறைப்புக்கு இது ஒரு சாக்கு என்றார்கள் தொழிலாளிகள். ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. ரெயில்கள் நின்றன. சில நாட்களில் போராட்டம் ஒடுக்கப்பட்டது. தலைமை தாங்கிய சிங்காரவேலருக்குப் பத்து வருஷத் தண்டனை. அப்பீலில் குறைந்து 1930-ல் வெளியே வந்தார்.

வைஸினால் வேலைநிறுத்தம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கால்விரலால் மரத்தைப் பிடித்தவரிடம், "உன் பட்டறையைக் காலிசெய்" என்று யாரும் சொல்ல முடியாது. அவர் எழுந்து போனால் பட்டறையும் கூடவே எழுந்து போய்விடும். இரும்பு வைஸ் கனமானது; மேஜையோடு முடுக்கப்பட்டது; மேஜை கம்பெனியுடையது. வேலை சுத்தமாயிற்று, முதுகுக்கும் சுகம்தான். ஆனால் கதவு சாத்தப்பட்டால் தச்சர் வெறும் கையோடு வெளியே நிற்கவேண்டும்.

மாக்ஸனின் இரட்டைத் திருகை, சுமார் 2010-ல் அமெரிக்காவில் தூசி தட்டி எடுத்து, அவர் பெயரையே வைத்தார்கள். சின்ன வேலைக்கு அதுவே போதும். இரண்டு பலகையும் இரண்டு திருகாணியும் கிடைத்தால் தச்சரே அதைச் செய்துகொள்ளலாம். பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம். மேஜை யாருடையதாயிருந்தால் என்ன?