வாகனத் திருட்டு அலாரம்: மின்கோளாறுகளைக் கண்டறிதல்

பூட்டிய காரின் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றை யாரேனும் திறந்தாலோ, வண்டியைத் தட்டி அசைத்தாலோ சைரனை ஒலிக்கவைக்கும் மின்னணு அமைப்பே திருட்டு அலாரம். ஸ்விட்சுகள், அதிர்வு சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, சைரன், ரிமோட் ஆகியவை இதன் உறுப்புகள். எஞ்சினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் சில வண்டிகளில் இதனுடன் இணைந்திருக்கும், சிலவற்றில் தனியாக இருக்கும். பிரிட்டனில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம்.

நள்ளிரவில் காரணமின்றி அலறும் அலாரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டிருப்பது அரிது. அதற்குத் தவறான செய்தி அனுப்பும் ஸ்விட்ச்தான் பெரும்பாலும் குற்றவாளி. மழைநீர், சேறு, எஞ்சின் சூடு மூன்றையும் தாங்கும் பானெட் ஸ்விட்ச் எளிதில் துருப்பிடிக்கும். மூடிய பானெட்டும் அதன் கணக்கில் திறந்ததாகிவிடும். அலாரத்தைத் தூண்டியது எந்தப் பகுதி என்பதை, டேஷ்போர்டு விளக்கு மின்னும் எண்ணிக்கையால் காட்டும் அலாரங்களும் உண்டு.

சோதனை பேட்டரியில் தொடங்குகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். மின்னழுத்தம் திடீரென இறங்குவதைக் கதவு திறந்ததன் அடையாளமாகக் கொள்ளும் பழைய வகை அலாரங்களில், எஞ்சினை அணைத்தபின் ரேடியேட்டர் விசிறி சுழன்றாலே சைரன் கத்தக்கூடும். எர்த் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இதே குழப்பம் நேரும்.

பேட்டரி அடிக்கடி இறங்கினால், பேட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே மல்டிமீட்டரைத் தொடர் இணைப்பில் வைத்து மின்னோட்டம் அளப்பார்கள். சில வண்டிகளின் கணினிகள் உறங்க அரை மணிக்கும் மேலாகும். அதற்கு முன் எடுத்த அளவு செல்லாது. பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. அது 500 ஆனால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குள் காலியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அளவு சட்டென எங்கே குறைகிறதோ, கோளாறு அந்தச் சுற்றில்தான்.

பேட்டரியைக் கழற்றியதும் சைரன் ஒலித்தால் அது பழுதல்ல; திருடன் ஒயரை வெட்டினாலும் ஒலிப்பதற்காகச் சில சைரன்களுக்குள் தனிப் பேட்டரி உண்டு. ஆண்டுகள் போகப் போக அது கசிந்து உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை அரிக்கும். அத்தகைய சைரன் வேளைகெட்ட வேளையில் ஒலிக்கும். அதை மாற்றுவதற்கு முன் ஸ்விட்சுகளையும் சென்சாரையும் மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.