உலோக மாசும் வெப்பநிலையும்: தரைவாழ் பூச்சிகள்

மண்ணில் சேர்ந்த உலோகங்களும் சூழலின் வெப்பநிலையும் தரைவாழ் பூச்சிகளை ஒருசேர எப்படிப் பாதிக்கின்றன என்பதை ஆராயும் துறை நச்சுச் சூழலியலின் ஒரு கிளை. உலோக நச்சையும் வெப்பத்தையும் அறிவியல் நெடுங்காலம் தனித்தனியாகவே ஆராய்ந்தது.

இரண்டு பக்கமும் அடிப்படைக் கண்டுபிடிப்புகள் சில ஆண்டு இடைவெளியில் வந்தன. 1957இல் மார்கோஷெஸ், வால்லீ இருவரும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து காட்மியத்தைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். மெட்டலோதயோனின் என்று பின்னர் பெயர் பெற்ற இவ்வகைப் புரதங்கள் பூச்சிகளிலும் உண்டு. 1962இல் இத்தாலியரான ரிட்டோசா, சூடேற்றிய பழ ஈயின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்கள் தோன்றுவதைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பற்றிய ஆய்வு அதிலிருந்து கிளைத்தது. அப்புரதங்களைக் காட்மியமும் தூண்டுகிறது என்பது பிறகு தெரியவந்தது. வெப்பமும் காட்மியமும் உயிரணுப் புரதங்களின் வடிவத்தைக் குலைப்பவை. இரண்டுக்கும் உடலிடம் உள்ள மருந்து ஏறத்தாழ ஒன்றுதான்.

களஆய்வுகள் உருக்காலைகளைச் சுற்றியே வளர்ந்தன. நெதர்லாந்தின் பூடெல், இங்கிலாந்தின் அவோன்மவுத் ஆகிய ஊர்களின் துத்தநாக உருக்காலைச் சுற்றுப்புறங்கள் நன்கு ஆராயப்பட்டவை. பூடெலில் ஆராய்ந்த ஆர்க்கெசெல்லா என்னும் மண்வாழ் சிற்றுயிரியான ஸ்பிரிங்டெயில், தோலுரிக்கும்போது குடலின் உட்படலத்தையும் கழற்றி, அதோடு காட்மியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. (ஸ்பிரிங்டெயில்களை இன்று வகைப்பாட்டியலார் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை, ஆனால் மண் நச்சியலின் வரலாற்றை அவற்றை விட்டுவிட்டு எழுத முடியாது.)

வெப்பநிலையோடு இணைந்த ஆய்வுக்கு முக்கிய களம் போலந்தின் ஓல்குஷ் பகுதி. இடைக்காலம் முதல் ஈயமும் வெள்ளியும் தோண்டப்பட்ட மண் அது. பிற்காலத்தில் புகோவ்னோவின் துத்தநாக ஆலையும் சேர்ந்துகொண்டது. ஆலையிலிருந்து விலக விலக மண்ணில் உலோகம் படிப்படியாகக் குறைவதால், அங்குள்ள காடு இயற்கையாகவே ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. கிராக்கோவின் யாகியெலோனியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிஷார்ட் லாஸ்கோவ்ஸ்கி குழுவினர் ஆராய்ந்த உயிரினம், டெரோஸ்டிகஸ் ஆப்லாங்கோபங்டேட்டஸ் என்ற கருமையான தரைவண்டு. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், இறக்கை மூடியில் சிறு குழிகள். இத்தகைய வண்டுகளின் உடலில் துத்தநாகம் அதிகம் தேங்குவதில்லை, விரைவில் வெளியேறிவிடும். காட்மியம் அவ்வளவு எளிதில் போகாது.

துத்தநாகம் உடலில் நிற்கவில்லை என்றால் வண்டுக்குத் தீங்கு இல்லை என்று கொள்ள முடியாது. வெளியேற்றுவதற்கும் சிதைந்ததைச் சீராக்குவதற்கும் ஆற்றல் செலவாகிறது. 2001இல் வெளியான ஆய்வில், மாசு மிகுந்த இடத்து வண்டுகள் பட்டினியையும் டைமெத்தோயேட் பூச்சிக்கொல்லியையும் தாங்குவதில் பின்தங்கின. பூச்சியின் உடல்வெப்பம் சூழலைப் பின்பற்றுவதால், சூடு கூடக்கூட அதன் அடிப்படை ஆற்றல் செலவும் உயரும். 2008இல் அக்னியேஷ்கா பெட்னார்ஸ்காவும் லாஸ்கோவ்ஸ்கியும் இதே வண்டில் நிக்கலையும் வெப்பநிலையையும் ஒருசேரச் சோதித்தனர். மறுஆண்டு குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லியையும் சேர்த்து வெளியிட்ட ஆய்வில், புழுப்பருவத்தில் நச்சின் தாக்கத்தைச் சூழல்நிலை கூட்டுவதாக முடிவுகண்டனர்.

இருப்பினும் 'சூடு கூடினால் நச்சும் கூடும்' என்று ஒரே வரியில் விதி எழுதுவது அவசரம். சூட்டில் பூச்சி அதிகம் தின்கிறது, உலோகமும் அதிகம் உள்ளே போகிறது. கழிவகற்றலும் அதே வேகத்தில் கூடலாம். எது முந்தும் என்பது உலோகத்தையும் இனத்தையும் வாழ்நிலைப் பருவத்தையும் பொறுத்தது. டென்மார்க்கின் மார்ட்டின் ஹோல்ம்ஸ்ட்ரப் தலைமையில் 2010இல் வந்த மதிப்பாய்வு, நீர்வாழ் உயிரிகளையும் சேர்த்துப் பார்த்து, இயற்கை நெருக்கடியும் வேதிப்பொருளும் ஒன்றையொன்று வலுப்படுத்திய நிலையைப் பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் கண்டது. ஒன்றையொன்று தணித்த நிகழ்வுகளும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

வழக்கமான நச்சுச் சோதனைகள் இந்தக் கேள்விக்கு ஏற்றவையல்ல. 1999இல் வெளியான ஐஎஸ்ஓ தரமுறையில் ஃபோல்சோமியா ஸ்பிரிங்டெயில்கள் 28 நாள் வளர்க்கப்பட்டு, பிறந்த குஞ்சுகள் எண்ணப்படுகின்றன. அந்த 28 நாளும் வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். ஓல்குஷ் காட்டுத் தரையிலோ ஒரே ஆண்டுக்குள் உறைபனியும் கோடையும் வந்துபோகின்றன.